விளையாட்டுத் திடலும் திருப்பணியும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓலைக் கொட்டகையில் இரவுப் பள்ளியாகத் தொடங்கிய இச்சங்கம், இன்று தன் பிள்ளைகளைப் பட்டதாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் கண்டு களித்து விழா எடுக்கிறது. கல்வியைப் பற்றிப் பேச என்னிலும் தகுதியுடையோர் இம்மேடையில் பலர் உளர். எனக்கு இடப்பட்ட பொருள் வேறு. "கிறிஸ்தவத் திருப்பணிக்கு விளையாட்டு ஒரு கருவி" என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். நெடுங்காலம் விசிலை வாயில் வைத்துப் பிழைத்தவன் என்பதாலும், ஞாயிறுதோறும் ஆலயம் செல்பவன் என்பதாலும் இப்பொருளை என்னிடம் ஒப்படைத்திருக்கக் கூடும்.

ஆனால் 'கருவி' என்னும் சொல்லின்மேல் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஏரும் கருவிதான், தூண்டிலும் கருவிதான். ஏர் நிலத்தைத் திறக்கிறது. தூண்டில் மீனைப் பிடிக்கிறது. விளையாட்டு நம் கையில் ஏராக இருக்கப் போகிறதா, தூண்டிலாக இருக்கப் போகிறதா? ஆண்டவர் தம் சீடர்களை மனிதரைப் பிடிப்பவராகத்தானே அழைத்தார் என்று ஆயர் ஐயா மனத்துக்குள் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்கிறது. ஐயா, அவர்கள் வலை வீசியவர்கள். முள்ளில் புழுவைக் கோத்தவர்கள் அல்லர். வரிப்பணத்துக்காகப் பேதுரு ஒருமுறை தூண்டில் போட்டது வேறு கதை.

இது வெறும் மேடைக் கேள்வியன்று. நம் பள்ளிக்குப் பின்புறமுள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தைத் திடலாக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. கம்பங்களும் வலைகளும் மின்விளக்குகளும் வாங்கித் தர வெளியூர் ஊழிய அமைப்பு ஒன்று முன்வந்திருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: ஆட வருகிற ஒவ்வொருவரும் ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் வேதபாடத்தில் அமர வேண்டும், வருகைப் பதிவேடு வைக்க வேண்டும். இதனை ஏற்பதா, மறுப்பதா என்பது அடுத்த மாதப் பொதுக்குழுவில் முடிவாகும். என் கருத்தை மறைத்து வைத்துப் பேச எனக்குத் தெரியாது. ஏற்கலாகாது என்பதே என் கருத்து. கிறிஸ்தவன் என்ற முறையிலேயே இதனைச் சொல்கிறேன். ஏன் என்பதற்கு வரலாற்றிலிருந்து சில சான்றுகளைக் காட்ட என்னை அனுமதியுங்கள்.

விளையாட்டும் கிறிஸ்தவமும் நேற்று உறவு கொண்டவையல்ல. கொரிந்து நகருக்கு அருகே இஸ்த்மியப் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. அந்நகரத்தாருக்குப் பவுலடியார் எழுதிய முதல் நிருபத்தில் ஓட்டப் பந்தயமும் குத்துச்சண்டையும் உவமைகளாக வருவது தற்செயலன்று. எனினும், விளையாட்டைத் திருப்பணியின் ஒரு முறையாகவே வகுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து. உடல் வலிமையும் ஒழுக்கமும் பக்தியும் ஒருங்கே வளர வேண்டும் என்ற கொள்கை 1850களில் அங்கே பரவிற்று. அந்த நாட்டுப் பெரும் பள்ளிகளில் பயின்று, கிரிக்கெட் மட்டையும் படகுத் துடுப்பும் பிடித்த கைகளோடு மிஷனெரிமார் கப்பலேறினர்.

அவர்களுள் புகழ்பெற்றவர் சி.டி. ஸ்டட். ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து தோற்று, 'ஆஷஸ்' என்னும் பெயரே பிறக்கக் காரணமாயிருந்த 1882ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஆடியவர். 1885இல் சீன நாட்டுக்கு ஊழியம் செய்யப் போனார். பின்னர் 1900 முதல் 1906 வரை நம் உதகமண்டலத்தில் ஒரு சபையின் போதகராகவும் இருந்தார். ஆட்டக்காரரைக் காண மக்கள் கூடுவர். கூடியவர்களுக்கு அவர் பிரசங்கிப்பார். இம்முறை இன்றும் உண்டு. புகழைக் கொண்டு கூட்டம் சேர்ப்பதில் குற்றம் இல்லை; ஆனால் அங்கே விளையாட்டு வாசற்கோலமாக நின்றுவிடுகிறது. அதனைப் பற்றி மேலும் பேசுவதற்கு இல்லை.

எரிக் லிடெல் கதை வேறு. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை நடைபெறுகிறது என்பதற்காக 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுவிட்டு, 400 மீட்டரை 47.6 வினாடியில் ஓடித் தங்கம் வென்ற ஸ்காட்லாந்துக்காரர் அவர். மறு ஆண்டே ஆசிரியராகவும் ஊழியராகவும் சீனம் சென்றார். நம் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு இவ்வளவும் தெரியும். தெரியாத பகுதி இனிமேல்தான். உலகப் போரின்போது ஜப்பானியர் அவரை வெய்சியன் என்னும் முகாமில் அடைத்தனர். அங்கே பெற்றோரைப் பிரிந்த சிறுவர் பலர் இருந்தனர். அவர்களுக்கு ஆட்டங்கள் ஏற்பாடு செய்தார் லிடெல். ஞாயிறு மட்டும் ஆட்டம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுவர்கள் தாமாகவே ஹாக்கி ஆடத் தொடங்கி, நடுவர் இன்மையால் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் தாமே நடுவராக நின்றார் என்று அம்முகாமில் இருந்தோர் பதிவு செய்துள்ளனர். உலகமே வியக்க ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்தவர், வேலிக்குள் அடைபட்ட சிறுவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாதிருக்க அதே ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதினார். 1945 பிப்ரவரியில் அம்முகாமிலேயே இறந்தார். தங்கப் பதக்கத்தைவிட அந்த விசில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தொழிற்பாசம் என்று வேண்டுமானால் கொள்ளுங்கள்.

இனி, 1891ஆம் ஆண்டுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக்கூடைகளை மாடத்தின் விளிம்பில் இருபுறமும் கட்டித் தொங்கவிட்டார். பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாமல் அடங்காமல் திரிந்த 18 மாணவர்களுக்கு 13 விதிகளை எழுதி ஒட்டினார். பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாகாது, தோளால் இடிக்கலாகாது, பிடித்து இழுக்கலாகாது. கூடைப்பந்து பிறந்தது. நான்காண்டுகளுக்குப் பின் அருகிலிருந்த ஹோலியோக் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர் கைப்பந்தை உண்டாக்கினார். இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடுகிற இவ்விரண்டு ஆட்டங்களும் திருப்பணி இயக்கத்தின் வயிற்றில் பிறந்தவை.

நைஸ்மித் இறையியல் பயின்றவர். போதகராவதற்குப் படித்தவர் ஏன் பந்தின் பின்னே ஓடினார்? அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். மான்ட்ரியலில் மாணவராக இருந்தபோது ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே, பக்கத்தில் நின்ற தோழன் சினம் மிகுந்து கெட்ட வார்த்தை பேசிவிட்டான். பேசியவன் உடனே நைஸ்மித்தைத் திரும்பிப் பார்த்து, அவர் இருப்பதை மறந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். நைஸ்மித் அவனுக்கு அதற்கு முன் ஒரு புத்திமதியும் சொன்னதில்லை. அவர் ஆடிய விதம் மட்டுமே அவனிடம் பேசியிருந்தது. பிரசங்கபீடத்தில் ஏறாமலும் நன்மை செய்ய வழியுண்டு என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உறுதிப்பட்டது. அவர் நற்செய்தியை ஆட்டத்தின் உள்ளே வைத்தார். வாசலில் காவலுக்கு நிறுத்தவில்லை. நம் தமிழகத்துக்கும் இம்முறை வந்து சேர்ந்தது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் நடைபெறுகிற அக்கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் வாயிலாகவே பள்ளிக்கூடங்களில் 'பி.டி. வாத்தியார்' என்ற ஓர் இனம் உருவாயிற்று. அவர்களிடம் பந்து வாங்கி ஆடியவர்களை எவரும் மதம் கேட்டதில்லை.

அதே 1891ஆம் ஆண்டில் காஷ்மீரத்துச் ஸ்ரீநகரில் நிகழ்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே திருச்சபை மிஷன் சங்கத்தின் பள்ளியை நடத்த சிசில் டிண்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் 1890இல் வந்திருந்தார். கேம்பிரிட்ஜ் படகுப் பந்தயத்தில் சுக்கான் பிடித்தவர். அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் காஷ்மீரப் பிராமண இளைஞர்கள். நீண்ட அங்கியும், கட்டை மிதியடியும், அங்கிக்குள் கணப்புச் சட்டியும், நெற்றியில் திலகமுமாக வந்து அமர்வர். உடலால் உழைப்பது கீழோர் வேலை என்பது அவர்கள் குலக் கல்வி. அந்தப் பள்ளிக்கு அவர் பம்பாயிலிருந்து ஒரு கால்பந்தைக் கொண்டுவந்தார்.

இது என்ன என்று கேட்டனர். பந்து என்றார். எதனால் ஆனது என்று கேட்டனர். தோலால் என்றார். அவ்வளவுதான், எடுத்துச் செல்லுங்கள், அது தீட்டு, நாங்கள் தொடமாட்டோம் என்றனர். பிஸ்கோ விடவில்லை. எல்லோரையும் திடலுக்கு நடத்திச் சென்றார். எல்லைக் கோட்டின் ஓரமாக ஆசிரியர்களைக் கம்புகளோடு நிறுத்தினார். இத்தனை நிமிடத்துக்குள் உதைக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். நேரம் முடிந்தது. கம்புகள் உயர்ந்தன. பந்து உருண்டது. மிதியடிகளும் தலைப்பாகைகளும் காற்றில் பறந்தன. சிறிது நேரத்தில் பந்து ஒருவன் முகத்தில் மோதிற்று. அவன் அழுதான், அடிபட்டதற்காக அன்று, தீட்டுப்பட்டதற்காக. அவனைக் கால்வாய்க்கு அழைத்துப் போய்க் கழுவிக் கொண்டுவாருங்கள் என்றார் பாதிரியார். கழுவிக்கொண்டு வந்தனர், ஆட்டம் தொடர்ந்தது.

இக்கதையைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும், இவ்வளவு காலம் அழுதவர்களுக்குச் சிரிக்கவும் உரிமை உண்டு. பிஸ்கோ அதனோடு நில்லாமல், படகோட்டுவது ஹாஞ்சி என்னும் படகோட்டிகளின் இழிதொழில் என்று கருதிய அவ்விளைஞர்களைத் துடுப்புப் பிடிக்கச் செய்தார். நகரில் காலரா பரவியபோது தெருக்களைத் துப்புரவு செய்ய அழைத்துச் சென்றார். வெள்ளத்திலும் தீ விபத்திலும் சிக்கியவர்களை மீட்க அனுப்பினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே உழைத்தார். அவரால் திருமுழுக்குப் பெற்றோர் மிகச் சிலரே. எண்ணிக்கை கேட்கும் மேலிடத்துக்கு அவருடைய பள்ளி தோல்வியாகவே தோன்றியிருக்கும். பிராமண இளைஞன் தெருச் சாக்கடையில் இறங்கியதை எந்தப் பதிவேட்டின் எந்தப் பத்தியில் எழுதுவது?

ஆயினும், போற்றுவதோடு நிறுத்த என்னால் இயலவில்லை. முதலாவது, அந்தக் கம்புகள். ஆளும் இனத்தான் கையிலிருந்த கம்பு அது. அடிக்கு அஞ்சித் தொட்டவன் வீட்டுக்குப் போய் மனம் மாறினானா, குளித்தானா என்பதை யாரறிவார்? இரண்டாவது, இதைவிடப் பெரிது. அந்தப் பந்தை எவர் தைத்தாரோ, அறியோம். ஆனால் இந்த நாட்டில் செத்த மாட்டைச் சுமந்து, தோலை உரித்து, ஊறவைத்து, பதனிட்டு, தைத்தவர்கள் நம்மவர்கள். சியால்கோட்டில் வளர்ந்த விளையாட்டுப் பொருள் தொழில் 1947இல் அகதிகளோடு ஜலந்தருக்கு வந்தபோதும் அதைத் தாங்கிய கைகளில் நம்மவர் கைகள் ஏராளம். பந்து திடலுக்குள் போயிற்று. பந்து தைத்தவன் போகவில்லை. ஸ்ரீநகர்த் திடலில் உயர்சாதி இளைஞனைத் தோலைத் தொட வைத்தார் பாதிரியார். தோலைப் பதனிட்ட மனிதனைத் தொட வைத்தாரா என்பதே நாம் கேட்க வேண்டியது. மிருதங்கத்தின் கதையும் இதுதானே! அதன் தோலைப் பக்குவப்படுத்தி வார் பிடிக்கும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். வாசிக்கும் விரலுக்குத் தோல் தீட்டில்லை. செய்து கொடுத்தவனுக்குத்தான் திண்ணைக்கு அப்பால் இடம்.

பந்து தைக்கும் குலத்தில் பிறந்தவன் பந்தை வீசினால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. பல்வாங்கர் பாலு, தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளையர் மன்றத்தின் திடலில் பணியாளராக இருந்து, அவர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசி வீசியே இணையற்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரானார். வெள்ளையரை வெல்ல வேண்டுமென்றால் பாலு வேண்டும் என்பதால், புனா இந்துக்கள் பெரிய விவாதத்துக்குப் பின் அவரைத் தம் அணியில் சேர்த்தனர். திடலில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. எனினும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது.

ஆகவே, விளையாட்டு தானாகவே சாதியை ஒழித்துவிடும் என்று மேடைகளில் பேசுவதை நான் நம்புவதில்லை. 2025ஆம் ஆண்டில் நம் தென்மாவட்டம் ஒன்றில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற தலித் மாணவன் ஒருவனின் கைவிரல்கள் வெட்டப்பட்டன. கபடிப் போட்டியில் எதிரணியை வென்றதே காரணம் என்று அவன் குடும்பத்தார் கூறியதாக நாளேடுகள் எழுதின. கபடியில் மூச்சடக்கிப் பாடிப் போகிறவன் தொடத்தான் போகிறான். தொடுவதே அங்கே வெற்றி. அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. நம் இளைஞனைத் திடலுக்கு அனுப்புகிறபோது நாம் அவனை எங்கே அனுப்புகிறோம் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் திருப்பணியின் கையில் விளையாட்டு ஏராக இருந்த இடம் உண்டா? உண்டு. சோட்டா நாகபுரிக்கு வாருங்கள். இன்றைய ஜார்க்கண்டில் ராஞ்சி, குந்தி, சிம்டேகா மாவட்டங்களும், எல்லை கடந்து ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டமும் சேர்ந்த மலைக்காட்டு நாடு. முண்டா, ஒராவோன், காரியா மக்கள் வாழும் இடம். 1845இல் ஜெர்மானிய காஸ்னர் மிஷனெரிமார் ராஞ்சிக்கு வந்தனர். பின்னர் ஆங்கிலிக்கரும் இயேசு சபையாரும் வந்தனர். 1885இல் வந்த கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்னும் இயேசு சபைக் குரு, நிலக்கிழார்களிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த முண்டாக்களுக்காக நீதிமன்ற வழக்குகளில் துணை நின்றார். பிர்சா முண்டாவின் எழுச்சிக்குப் பின் 1908இல் வந்த சோட்டா நாகபுரி குடிவாரச் சட்டத்தின் ஆக்கத்தில் ஹாஃப்மன் என்ற இன்னொரு குருவுக்கும் பங்குண்டு. அங்கே மிஷன் பள்ளிகளில் ஹாக்கி வேரூன்றிற்று. மூங்கிலையும் வளைந்த மரக்கிளையையும் கோலாக்கி, மூங்கில் வேரைப் பந்தாக்கி, வெறுங்காலோடு ஆடினர். ஊர்ப் பந்தயத்தில் பரிசு வெள்ளிக் கோப்பையன்று, ஓர் ஆட்டுக்கிடாய். வென்ற அணியின் ஊரே அன்றிரவு விருந்துண்ணும். கோப்பையைவிட இது எவ்வளவு அறிவுடைய பரிசு என்று நான் எண்ணி வியப்பதுண்டு.

அந்த மண்ணில், குந்திக்கு அருகே தக்ரா என்னும் சிற்றூரில் 1903இல் பிறந்தவர் ஜெய்பால் சிங் முண்டா. ராஞ்சி தூய பவுல் பள்ளியில் படித்தார். அவர் அறிவைக் கண்ட பள்ளித் தலைவர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அவர் குருவாகித் தம் மக்களிடையே ஊழியம் செய்ய வேண்டும் என்பது அனுப்பியோர் எண்ணம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், பல்கலைக்கழக ஹாக்கி அணியில் இடம் பெற்றார், ஐ.சி.எஸ். பயிற்சியிலும் சேர்ந்தார். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு இந்திய ஹாக்கி அணியின் தலைவராக அழைப்பு வந்தபோது, விடுப்பு மறுக்கப்பட்டும் சென்றார். இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை என்றாலும், அவ்வணி 29 கோல்கள் அடித்து, ஒரு கோலும் வாங்காமல் இந்தியாவின் முதல் ஹாக்கித் தங்கத்தைக் கொண்டு வந்தது. திரும்பியதும் ஐ.சி.எஸ். பயிற்சியை மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்யுமாறு சொன்னார்கள். வேண்டாம் என்று உதறினார்.

அவர் குருவாகவில்லை. அனுப்பியோருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால் 1939இல் ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்று, காட்டுவாசி என்று தம்மை அழைப்பதில் தமக்கு வெட்கமில்லை என்று சொல்லி, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தம் மக்கள் அனுபவித்த சுரண்டலை அந்தச் சபையின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். இது திருப்பணியின் தோல்வியா, வெற்றியா? மீன் கூடையில் விழுந்ததா என்று பார்ப்பவனுக்குத் தோல்வி. நிலம் விளைந்ததா என்று பார்ப்பவனுக்கு அப்படித் தோன்றாது. அந்த மண் இன்னும் விளைகிறது. 1975 உலகக் கோப்பையை வென்ற அணியில் மைக்கேல் கிண்டோ. 1980 மாஸ்கோ தங்க அணியில் சில்வானஸ் டுங்டுங். மூன்று ஒலிம்பிக்கில் ஆடிய திலீப் திர்க்கி. 2021இல் டோக்கியோவில் நான்காம் இடம் பெற்ற பெண்கள் அணியில் நிக்கி பிரதானும் சலிமா டேட்டேயும். அந்தச் சலிமாதான் 2024இல் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றார்.

சோட்டா நாகபுரியில் நான் ஊன்றிப் பார்ப்பது பந்தையன்று, நிலத்தை. அங்கே பந்து வந்த அதே காலத்தில் நிலத்துக்கான போராட்டமும் நடந்தது. காலடியில் நிலம் இருந்தவனுக்கே திடல் இருந்தது. நம் தமிழகத்துக் கதை என்ன? மீண்டும் அதே 1891ஆம் ஆண்டு. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமென்கீர், நம் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அம்மாவட்டத்தில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரு, கௌடி ஆகிய மிஷனெரிமாரும் நம் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று குரல் கொடுத்து வந்தனர். 1892இல் அரசாணை பிறந்தது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட அந்தப் பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பர். அதில் எவ்வளவு இன்று நம் கையில் இல்லை என்பதை உங்கள் தாத்தாமாரைக் கேளுங்கள்.

நிலம் போனதால் திடலும் போயிற்று. ஊரின் மந்தைவெளியும் களமும் ஏரிக்கரையும் எவர் ஆளுகையில் இருக்கின்றன? சேரிப் பிள்ளை ஆட வேண்டுமென்றால் ரயில்பாதை ஓரத்திலும், வற்றிய குளத்திலும், அறுப்பு முடிந்த வயலிலும் ஆடினான்; வயற்காரன் வந்தால் பந்தைப் போட்டுவிட்டு ஓடினான். எனவே, இந்த ஒன்றரை ஏக்கர் எனக்குச் சிறிதாகத் தோன்றவில்லை. ஒருவரும் வந்து விரட்ட முடியாத நிலம். அதற்குள் நுழைய ஒரு பதிவேட்டில் கையெழுத்திடச் சொல்லலாமா?

இன்னொரு கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. இளைஞர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியைச் சமயத்தோடு கட்டிவைத்தது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அது திறந்துவிடப்பட்டது. கிறிஸ்தவரான நமக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கப்படவில்லை. நாடெங்கும் கல்லறையில் தனி மூலை, ஆலயத்தில் தனி வரிசை என்று சாதி நம்மைத் துரத்தி வந்தபோதிலும், சட்டத்தின் ஏட்டில் நமக்குச் சாதி இல்லை. தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஓர் இடம் உண்டு, அவ்வளவே. இப்பொருளை ஆராய 2022இல் நடுவண் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. நான் சொல்ல வருவது இது: நம் தெருவில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற்ற இந்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு பதினாறு வயதுப் பையன், கைப்பந்தின்மேல் உள்ள ஆசையால் வேதபாடத்தில் அமர்ந்து, பந்தயத்துக்கு அழைத்துச் செல்வார்கள் என்ற ஆசையால் திருமுழுக்கும் பெற்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய பட்டியல் சாதி வேலை ஒதுக்கீடும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் அந்தப் பந்தோடு போய்விடும். அறிந்து, எண்ணி, விலை கொடுத்து ஒருவன் விசுவாசத்துக்குள் வந்தால், அவன் காலில் விழுந்து வணங்குவேன். நம் பெற்றோர் அப்படி வந்தவர்கள். விலை இன்னதென்று சொல்லாமல் ஒரு சிறுவனிடம் விற்பதை நற்செய்தி என்று என்னால் அழைக்க முடியாது.

சான்று பகரவே கூடாதா என்று ஆயர் ஐயா கேட்கலாம். பகருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். ஆடுங்கள், ஆட வயதில்லையென்றால் கோட்டருகே நின்று பந்து எடுத்துப் போடுங்கள். எங்கள் பையன் தவறான 'பாயிண்ட்' கேட்டால், அது எதிரணியினுடையது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். உங்கள் மதம் என்ன என்று அவனே உங்களைக் கேட்பான். அவன் கேட்ட பிறகு அரை மணி நேரம் என்ன, அரை நாளே பேசுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். இன்னொரு புறம், எந்தச் சமயத்தவரும் திடலுக்குள் காலடி வைக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கும் நம் இளைஞர் சிலரின் திருத்தத்தையும் நான் ஏற்கவில்லை. அதுவும் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்துவதுதான்.

பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. அந்த அமைப்பு நிபந்தனையை நீக்கினால் விளக்குகளை நன்றியோடு பெற்றுக்கொள்வோம். நீக்காவிடில், இருட்டும் வரை ஆடுவோம். இரண்டு மூங்கிற் கழியும் ஒரு வலையும் இரண்டு பந்தும் வாங்க நம்மால் ஆகாதா? கழிகளுக்கு நான் பொறுப்பு. வாரத்தில் இரண்டு மாலை பெண்பிள்ளைகளுக்கு என்று இப்போதே எழுதி வையுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது வராது. ஊர்த்தெருப் பையன்கள் ஆட வந்தால் வரவிடுங்கள். சேர்ந்தே அணி பிரியுங்கள், தெருவுக்கு ஓர் அணி வேண்டாம். திடலின் ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுங்கள். குவளைகள் எத்தனையாயினும் இருக்கட்டும். இன்னாருக்கு இன்ன குவளை என்பது மட்டும் இருக்கலாகாது. பந்து தைக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் கீழத்தெருவில் இருக்கிறார். திடல் திறக்கும் நாளில் முதல் பந்தை அவர் கையால் போடச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலைகளில் நடுவராக நிற்க நான் வருகிறேன். விசில் என்னிடம் இருக்கிறது.